கூரைக்கு முன் தளம்

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர்கள் அத்திவாரத்தின்மேல் சுவரை எழுப்பி, சுவரின்மேல் தீராந்தியும் வளையும் ஏற்றி, ஓடு வேய்ந்து, மழைக்கும் வெயிலுக்கும் ஒரு மறைவை உண்டாக்கிக்கொண்ட பின்னரே உள்ளே நிலத்துக்குச் சீமெந்து இழுப்பார்கள். நிலம் கடைசி வேலை. நான் பிறந்து தச்சுத்தொழில் பழகிய ஊரின் முறை அது. பிற்பாடு என் ஜீவனத்துக்கு இடமாக வாய்த்த கனடாவின் மேற்குக் கரையிலோ, வான்கூவர் நகரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும், மரவீடு தளத்திலிருந்தே தொடங்குகிறது. கொங்கிறீட் அத்திவாரத்தின் தலையில் ஒரு மரச்சட்டத்தைப் படுக்கவைத்துப் போல்ட்டுகளால் பிணைத்து, அதன்மேல் ஜாயிஸ்ட் எனப்படும் குறுக்குச் சட்டங்களைப் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிரைப்படுத்தி, அவற்றின்மேல் நாலடி அகலமும் எட்டடி நீளமுமான பலகைகளைப் பசையிட்டு ஆணியறைந்து விரித்துவிட்டால் அடித்தளம் ஆயிற்று. அந்தத் தளத்தையே வேலைமேடையாகக் கொண்டு சுவர்ச் சட்டங்களைக் கிடையாகக் கூட்டி, ஆட்கள் சேர்ந்து நிமிர்த்தி நிறுத்தி, மறுபடி ஜாயிஸ்ட், மறுபடி பலகை, மறுபடி மேல்மாடிச் சுவர் என்று ஏறிப்போய், எல்லாவற்றுக்கும் பின்னர்தான் கூரை வருகிறது. ஆகவே, குடிபுகுந்த பிறகு ஒரு செம்பு தண்ணீர் சிந்தினாலும் ஓடிவந்து துடைக்கவேண்டிய அந்த உறுப்பு, கட்டி முடியும் முன்னே வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில், வானத்துக்கு முகங்கொடுத்துக் கிடக்க நேரிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழையும் வான்கூவர் விமான நிலையத்தில் அளக்கப்படும் மழையும் அளவிலே ஏறத்தாழ ஒன்றுதான். இரண்டும் 1,200 மில்லிமீட்டரை ஒட்டியவை. சுபாவத்திலே அவற்றுக்குள்ள பேதம் பெரிது. நம் மாரிமழை இடித்துக் கொட்டும், முற்றம் வெள்ளக்காடாகும், மறுநாள் எழும் வெயில் அத்தனை ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வான்கூவரில் ஆண்டிலே 160 நாட்களுக்கு மேல் ஏதோ ஓர் அளவில் மழை உண்டு. அவற்றில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் பங்குனிக்கும் இடையில் வந்து குவிகிறது. அது ஓசையற்ற தூறல். விட்டது போலிருந்து மறுபடி பிடிக்கும். இடைவெளியிலும் மேகம் விலகாது. மார்கழியில் பிற்பகல் நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும். காற்றின் வெப்பம் உறைநிலைக்குச் சில பாகைகள் மேலே நின்றபடி நிற்கும். நகரத்துக்கு வடக்கே மலைச்சரிவில் கட்டப்படும் வீடுகளுக்கோ இதைப்போல இரு மடங்கு மழை. இத்தகைய ஆகாயத்தின் கீழ் மரத்தளம் நனைவதைத் தடுக்க எவராலும் முடியாது. நனைவதைப் பற்றி முறையிடுவதிலும் பிரயோஜனமில்லை. நனைந்த தளம் மறுபடி உலர்ந்ததா, உலர்ந்த பின்னர்தான் அதை மூடினார்களா என்பதிலேயே வீட்டின் யோகக்ஷேமம் அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவந்ததும் அதுவே.

பலகை என்று மேலே சொன்னது அறுத்த பலகையை அன்று. பழைய வீடுகளில் ஜாயிஸ்டுகளின்மேல் அறுத்த பலகைகளைச் சாய்கோணமாக அறைந்திருப்பார்கள். அத்தகைய வீடுகளைப் புதுப்பிக்கும் வேலைகளில் அவற்றைக் கண்டு வியந்திருக்கிறேன். பிளைவுட் வந்து அவற்றை அகற்றியது. 1905ஆம் ஆண்டு ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் லூயிஸ்–கிளார்க் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தபோது, அங்கே மரப்பெட்டிகள் செய்துவந்த ஒரு தொழிற்சாலையார் அந்தக் கரைக்கே உரிய டக்ளஸ் ஃபர் மரத்தைத் தாள்தாளாக உரித்து, ஒன்றின் நாரோட்டத்துக்குக் குறுக்கே மற்றதன் நாரோட்டம் அமையும்படி ஒட்டிக் காட்சிக்கு வைத்தார்கள். அன்றைய பசை விலங்குப் பசை. ஈரம் பட்டால் இளகிவிடும். அந்தக் குறை தீர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்றன. 1934இல் வாஷிங்டன் மாநிலத்து அபர்டீன் ஊரில், ஹார்பர் பிளைவுட் நிறுவனத்தின் இரசாயன அறிஞர் ஜேம்ஸ் நெவின் நீருக்கு முற்றும் அசையாத ஒரு பசையை ஆக்கினார். இன்று கொதிநீரில் போட்டாலும் பிளைவுட்டின் தாள்கள் பிரியாமல் நிற்பது அந்த வழியில் வந்த பேறு.

ஆனால் இந்தப் பேறே பலரை மயக்கிவிட்டது. தளப்பலகையின் முதுகில் ‘எக்ஸ்போஷர் 1’ என்று ஒரு முத்திரை குத்தியிருப்பார்கள். கட்டுமானத்தில் நேரும் சாதாரணத் தாமதங்களின்போது மழையில் நனைந்தாலும் பசை விடாது என்பதற்குமேல் அதற்குப் பொருளில்லை. நெடுங்காலம் திறந்து கிடக்கலாம் என்றோ, ஈரத்தோடே மூடிவிடலாம் என்றோ அது அநுமதி கொடுக்கவில்லை. பசை நிலைத்திருப்பது வேறு. மரம் நீரைக் குடித்து வீங்குவதும், உலரும்போது சுருங்குவதும், சுருங்க இடமில்லாதபோது பூஞ்சணத்துக்கு வீடாவதும் வேறு. முத்திரையைக் காட்டி என்னோடு வாதாடிய மேற்பார்வையாளர்கள் ஒருவரல்ல, பலர்.

பிளைவுட்டின் இடத்தை இன்று பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருப்பது ஓ.எஸ்.பி. என்னும் பலகை. சிறு மரங்களை நீண்ட சீவல்களாகச் சீவி, பிசினும் மெழுகும் தெளித்து, அடுக்குக்கு அடுக்குத் திசைமாற்றிப் பரப்பி, பெருஞ் சூட்டிலும் பெரும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது. விலை மலிவு, உறுதியும் குறைவில்லை. அதன் சுபாவத்தை மட்டும் தச்சன் உள்ளத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சீவல்கள் இயற்கையில் இருந்ததைவிட நெருக்கி அழுத்தப்பட்டவை. நீர் உள்ளே புகுந்தால் மரத்துக்கு இயல்பான வீக்கத்தோடு, அழுத்தப்பட்டவை தம் பழைய பருமனை நாடி நிமிரும் வீக்கமும் சேர்ந்துகொள்கிறது. முன்னது உலர்ந்தால் தணியும்; பின்னது ஒருபோதும் முழுமையாகத் தணியாது. பிளைவுட் விரைவில் நனைந்து விரைவில் உலரும், ஓ.எஸ்.பி. மெதுவாக நனையும், ஆனால் உண்ட நீரை வெளிவிடுவதிலும் அதே மந்தம். தட்டையான முகத்தால் அது உறிஞ்சுவது சொற்பம். விளிம்புதான் அதன் வாய். இதை அறிந்தே ஆலையில் விளிம்புகளுக்கு வர்ணம் பூசி அனுப்புகிறார்கள். நாம் மாடிப்படித் துவாரத்துக்காகவும் குழாய்களுக்காகவும் மூலைகளுக்காகவும் வாளெடுத்து அறுக்கும் ஒவ்வோர் அறுப்பும் அந்தப் பூச்சில்லாத புதுவாயைத் திறந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அறுத்த விளிம்புக்கு உடனே ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டுப் பலகையைப் படுக்கவைக்கும் வழக்கம் எத்தனையோ உபத்திரவங்களைத் தவிர்க்கும், செய்கிறவர்கள் அருமை.

விளிம்பு வீங்கிய தளத்தில் நான்கடிக்கு ஒன்றாக மெல்லிய வரம்புகள் எழுந்து நிற்கும். வெறுங்காலோடு நடந்தால் அவை பாதத்துக்குத் தெரியும். அவற்றின்மேல் மெல்லிய வினைல் விரிப்பைப் போட்டால் சாய்ந்த வெளிச்சத்தில் கோடுகோடாகத் தெரியும். ஓடு பதித்தால் ஒருநாள் வெடிக்கும். தளம் நன்றாக உலர்ந்த பின் அந்த வரம்புகளை யந்திரத்தால் தேய்த்துச் சமப்படுத்துவதைத் தவிர வேறு பரிகாரமில்லை. உலருமுன் தேய்த்தால், பின்னர் உலர்ந்து தணியும்போது அதே இடத்தில் பள்ளம் விழும். பலகைக்கும் பலகைக்கும் இடையே ஓர் அங்குலத்தின் எட்டிலொரு பங்கு இடைவெளி விட வேண்டும் என்ற விதியும் இந்த வீக்கத்தைக் கருதியே ஏற்பட்டது. இடமில்லாமல் நெருக்கி அறைந்த பலகைகள் ஒரு வார மழையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடுவே கூனி எழுவதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

தளத்தின் நடுப்பகுதியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. காற்றுப் படுகிற இடம் எப்படியோ உலர்ந்துவிடும். மனம் பதறுவது சுவரின் அடிச்சட்டத்தைப் பார்க்கும்போதுதான். பாட்டம் பிளேட் எனப்படும் அந்தக் கிடைச்சட்டம் தளப்பலகையோடு முகத்துக்கு முகம் அழுந்திக் கிடக்கிறது. தளத்தில் தேங்கிய நீர் அதன் இருபுறமும் நின்று, அந்த மயிரிழை இடுக்குக்குள் இழுக்கப்பட்டு உட்செல்கிறது. சென்ற நீருக்கு வெளியேறும் வழி ஏறக்குறைய இல்லை. அதன்மேல் நிற்கும் நெடுஞ்சட்டங்களோ தம் வெட்டுமுனையால் அந்த ஈரத்தில் நிற்கின்றன. மரத்துக்கு நீர் மிக விரைவில் ஏறுவது வெட்டுமுனை வழியாகத்தான். பார்வைக்கு எல்லாம் உலர்ந்து வெளுத்துத் தெரிகிற நாளிலும் அந்த இடுக்கு நனைந்தே இருக்கும்.

வவுனியாவிலிருந்து வந்து என்னிடம் வேலை பழகிய ஒரு பிள்ளை, மூன்று நாள் மழையில்லாத ஒரு பிற்பகலில் தளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “அண்ணை, மேலே காய்ஞ்சுதானே கிடக்கு. இனிச் சுவருக்குள்ளை பஞ்சு அடைக்கலாம்தானே?” என்று கேட்டான். “தம்பி, கையை நம்பாதை. ஈரம் பாக்கிற மீற்றரைக் கொண்டுவந்து பிளேட்டுக்கும் பலகைக்கும் நடுவிலை குத்திப் பார்” என்றேன். சுவரின் நடுச்சட்டத்தில் 16 காட்டிய மீற்றர் அங்கே 27 காட்டியது. அவன் பிறகு கையால் தடவிப் பார்த்து எதையும் முடிவுசெய்ததில்லை.

அந்த எண்களின் கருத்தைச் சொல்ல வேண்டும். மரத்திலுள்ள நீரின் எடையை, முற்றும் உலர்த்திய மரத்தின் எடைக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுவது ஈரப்பதம். நாரின் சுவர்கள் குடிக்கக்கூடியதெல்லாம் குடித்து நிரம்பும் நிலை 28, 30 சதவீதத்தை ஒட்டியது. மரத்தை உளுத்துப்போகச் செய்யும் பூஞ்சணங்கள் தழைப்பது அந்த நிலைக்கு அண்மையிலும் அதற்கு மேலும். 20க்குக் கீழே வைத்திருந்தால் அவை தலையெடுக்க மாட்டா. சட்டமரம் வீட்டில் ஏறும்போது 19 சதவீதத்துக்கு மேற்படக் கூடாதென்று கனடாவின் கட்டட விதி சொல்வதும், அந்த எண்ணைக் கண்ணாற் காணுமுன் நான் பஞ்சு அடைக்க இசையாததும் இதனாலேயே. மீற்றரின் இரண்டு ஊசிகளுக்கிடையே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதைக் கொண்டு அது ஈரத்தைச் சொல்கிறது. வழக்கமாக டக்ளஸ் ஃபர் மரத்துக்கு இசைய அளவிடப்பட்டது. பிளைவுட்டிலும் ஓ.எஸ்.பி.யிலும் பசை கலந்திருப்பதால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பலாகாது. அதற்காக, வந்திறங்கிய கட்டிலிருந்தே ஒரு துண்டை அறுத்து, சூடான உலர்ந்த அறையில் ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொண்டு, அதில் மீற்றர் காட்டுவதையும் தளத்தில் காட்டுவதையும் ஒப்பிடுவேன். அந்தத் துண்டு என்னிடமிருந்த எந்தப் புத்தகத்தையும்விடத் திருத்தமான சாக்ஷி.

வடக்கு மலைச்சரிவில் ஒரு வீடு. ஐப்பசியில் தளம் போட்டு, கூரைச் சட்டங்கள் வந்துசேரத் தாமதமாகி, கார்த்திகை முழுவதும் அந்த இரண்டு தளங்களும் மழையிலே கிடந்தன. கூரை மூடியதும், அடிச்சட்டங்களில் 25க்குக் குறையாத எண்களைக் குறித்துக் கட்டுமானப் பொறுப்பாளரிடம் கொடுத்தேன். நத்தாருக்கு முன் ஜிப்சம் பலகை ஏறிவிட வேண்டும் என்பது அவருக்கிருந்த நிர்ப்பந்தம்; வங்கிக் கடனின் அடுத்த தவணை அதற்குமேல்தான் கிடைக்கும் போலும். கண்ணாடிப் பஞ்சை அடைத்து, பாலித்தீன் தாளால் மூடி, ஜிப்சத்தை அறைந்து, வீட்டுக்கு வெப்பத்தையும் ஏற்றிவிட்டார்கள். குளிரிலே உறங்கிக்கொண்டிருந்த ஈரம் அன்றிலிருந்துதான் வேலை செய்யத் தொடங்கியது. நனைந்த மரம் குளிரில் கிடக்கும்வரை பூஞ்சணம் மந்தமாகவே வளரும். ஈரமும் இருந்து, வெப்பமும் வந்து, காற்றோட்டமும் அற்றுப்போனால் அதைவிட அநுகூலமான ஸ்திதி அதற்கு வேறில்லை. தையில் ஓக் மரத்தரை பதித்தார்கள். சில வாரங்களில் ஒவ்வொரு கீற்றின் இரு ஓரங்களும் மேலெழுந்து நடு குழிந்தது. அடியிலிருந்த தளத்தின் ஈரத்தை ஓக் கீழ்முகத்தால் உண்டு, மேல்முகத்தால் உலர்ந்ததன் விளைவு அது. ஓக்கை விற்றவரைக் குறைசொன்னார்கள், பதித்தவரைக் குறைசொன்னார்கள். பின்னர் சுவரின் அடியை அறுத்துப் பார்க்க என்னை அழைத்தபோது ஜிப்சத்தின் உட்காகிதம் ஒரு சாண் உயரத்துக்குக் கருத்திருந்தது. பஞ்சின் அடி பாரித்து நனைந்திருந்தது. அடிச்சட்டம் கறுத்துப்போயும், தெய்வாதீனமாக உளுக்காமலும் இருந்தது. அந்த வீட்டில் குடிபுகக் காத்திருந்த தம்பதிக்கு ஒரு கைக்குழந்தை இருந்தது. தரை முழுவதும் பெயர்க்கப்பட்டதையும் குடிபுகும் நாள் கோடைக்குத் தள்ளிப்போனதையும்விட, இத்தனையும் மார்கழியில் இரண்டு வாரப் பொறுமையால் தவிர்ந்திருக்கும் என்பதே எனக்கு இன்றுவரை ஆறாத துக்கம்.

உலர்த்துவதிலும் அவசரக்காரர்கள் தவறான வழிக்குப் போவதுண்டு. புரோபேன் வாயுவை எரிக்கும் பெரிய வெப்பக்குழாயைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்து, ஜன்னல்களையெல்லாம் மூடிவிட்டால் நனைந்த தளம் உலர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு கிலோ புரோபேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாகப் பிறக்கிறது என்பது இரசாயனம். மூடிய வீட்டில் அந்த ஆவி குளிர்ந்த மூலைகளிலும் ஜன்னல் ஓரங்களிலும் திரும்ப நீராகப் படியும். உலர்த்த வந்த யந்திரமே நனைக்கும். சட்டம் எழுந்து கூரை மூடிய வீட்டுக்கு வேண்டியது மின்சார வெப்பமும், காற்றைத் தளத்தோடு தவழவிடும் விசிறிகளும், காற்றின் ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கும் டீஹ்யூமிடிஃபயரும். காலையும் மாலையும் அந்த வாளியைக் கொட்டும்போது எவ்வளவு நீர் தளத்துக்குள் ஒளிந்திருந்தது என்பது பிரத்தியக்ஷமாகத் தெரியும். வெளியே காற்று உலர்ந்து வீசும் அபூர்வமான நாட்களில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஜன்னல்களைத் திறந்துவிடுவது நல்லது.

கூரைக்கு முந்திய காலத்திலும் செய்யவேண்டியது நிறைய உண்டு, ஒன்றும் கடினமில்லை. மழை விட்டதும், வேறெந்த வேலையும் தொடங்குமுன், அகலமான ரப்பர்க் கட்டையால் தளத்து நீரைப் படித்துவாரத்தை நோக்கியும் வெளியோரத்தை நோக்கியும் தள்ள வேண்டும். சுவர்கள் நிமிர்ந்த பிறகு அடிச்சட்டங்களே அணையாகி அறைதோறும் குளம் கட்டிவிடும். குளத்தின் ஆழமான இடத்தில் சிறு துளை ஒன்றைத் துளைத்துவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும். பலகையைத் துளைப்பதா என்று அஞ்சுவார்கள். அந்தத் துளையால் தளத்துக்கு வரும் கேடு ஒன்றுமில்லை. துளைக்காததால் வரும் கேட்டை நான் சொல்லியாயிற்று. தார்ப்பாயை இரவில் விரிப்பதும் நன்றே, விடிந்ததும் எடுத்துவிடுவதானால். நாட்கணக்கில் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும் தார்ப்பாயின் கீழே மரம் வியர்த்துக் கருக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஆட்கள் போய்த் திங்கட்கிழமை காலை திரும்பும்வரை தேங்கிக் கிடக்கும் நீரே ஒரு தளத்தின் விதியை நிர்ணயிக்கிறது என்பதைக் கண்டு, சனிக்கிழமை ஒருவனாவது வந்து நீரைத் தள்ளிவிட்டுப் போகும்படி கூலி ஒதுக்குமாறு நான் கேட்பதுண்டு. அந்தச் சிறு கூலியை மிச்சம் பிடித்தவர்கள் பெருந்தொகை கொடுத்து யந்திரங்களை வாடகைக்கு எடுத்தார்கள்.

இந்தக் கரை ஈரத்தின் கொடுமையை அறியாத இடமன்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழும்பிய அடுக்குமாடி வீடுகளின் சுவர்களுக்குள் மழைநீர் புகுந்து, வெளியேற வழியின்றி, சட்டங்கள் உளுத்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் சேமிப்பையெல்லாம் இழந்தன. முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட்டின் தலைமையில் விசாரணைக் குழு அமைந்ததும், வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் பிறந்ததும் 1998ஆம் ஆண்டில். அதன் பிறகு சுவரின் வெளிப்பூச்சுக்குப் பின்னே காற்றும் நீரும் இறங்க ஓர் இடைவெளி விடுவது இங்கே வழக்கமாயிற்று. சுவருக்கு வெளியே இருந்து வரும் மழைக்காக இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்ட தொழில், கட்டும்போதே உள்ளே அடைபடும் மழையைப் பற்றி அதே சிரத்தை காட்டவில்லை. நீருக்கு அது வெளியே இருந்து வந்ததா, உள்ளேயே அடைபட்டதா என்ற வேற்றுமை தெரியாது.

மரத்தரை பதிப்பவர்களின் சங்க விதி இந்த விஷயத்தில் எல்லோரையும்விடத் தெளிவானது. மூன்று அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள கீற்றுகளானால், தரைமரத்துக்கும் அடித்தளத்துக்கும் ஈரப்பதத்தில் நாலு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதற்கு அகன்ற பலகைகளானால் இரண்டுக்கு மேல் கூடாது. இன்றைய மோஸ்தர் அகன்ற பலகை. சூடேற்றிய வீட்டில் ஓக் 7, 8 சதவீதத்தில் நிற்கும். ஆகவே அடித்தளம் 10க்கு அருகே வரும்வரை காத்திருந்தாக வேண்டும். 19 என்பது சட்டத்தை மூடுவதற்குரிய எண். தரை பதிப்பதற்கு அது போதாது என்பதைப் பல கட்டுநர்கள் இன்னும் ஒப்புக்கொள்வதில்லை.

நான் மேற்பார்வை செய்யும் வீடுகளில் ஒரு நிபந்தனையை வைத்திருக்கிறேன். அறைக்கு நாலு இடங்களில், அதிலும் வடக்குச் சுவரின் அடிச்சட்டத்திலும் குளியலறை மூலைகளிலும் தவறாமல், மீற்றர் காட்டிய எண்ணையும் தேதியையும் தளத்திலேயே பென்சிலால் எழுத வேண்டும். எழுதியதைப் படம் பிடித்து வீட்டுக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்துக் கையெழுத்திட்ட பின்னரே பஞ்சுக் கட்டுகள் வாசலைத் தாண்டி உள்ளே வரலாம். கட்டுநர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். வீட்டுக்காரர்கள் அந்த எண்களின் பொருளைக் கேட்டு அறிந்துகொண்ட பிறகு, அவர்களே மறு வாரம் வந்து குனிந்து தளத்தைப் பார்க்கிறார்கள். எண் இறங்கவில்லையென்றால் அவர்களே காத்திருக்கச் சொல்கிறார்கள்.